201 இலக்க எண் ஒன்றை ஆவணமாக வாசித்தல்: சகுந்தலா தேவியும் 23ஆம் படிமூலமும்

பெங்களூரில் 1929ஆம் ஆண்டு நவம்பர் 4 அன்று பிறந்த சகுந்தலா தேவியின் பெயரோடு ஓர் எண் சேர்ந்தே வழங்கி வருகிறது. 201 இலக்கங்கள் கொண்ட முழு எண் அது. 1977இல் அமெரிக்காவின் டாலஸ் நகரிலுள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் அதன் 23ஆம் படிமூலத்தை அவர் 50 நொடிகளில் மனத்தாலேயே கண்டு சொன்னார். யூனிவாக் கணினிக்கு 62 நொடிகள் தேவைப்பட்டன. அவர் மறைந்தபோது வெளியான இரங்கற் குறிப்புகள் முதல் இன்றைய பொது அறிவுப் புத்தகங்கள் வரை இச்செய்தி இடம்பெறுகிறது. 50, 62 என்ற இரண்டு எண்களை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். கணக்கின் பொருளாக இருந்த மூன்றாவது எண்ணை எடுத்து வாசிப்பவர்கள் அரிது.

வரலாற்று மாணவர்கள் ஒரு கல்வெட்டை அணுகும்போது புறச்சான்றையும் அகச்சான்றையும் பிரித்துப் பார்க்கப் பழகியிருக்கிறோம். கல்வெட்டைப் பற்றிப் பிறர் சொல்வது ஒன்று. அதன் எழுத்தமைதியும் மொழியும் தாமே சொல்வது மற்றொன்று. ஓர் எண்ணையும் அவ்வாறே ஆவணமாக வாசிக்க முடியும் என்பதே இப்பதிவின் கருத்து. அப்படி வாசித்தால், சகுந்தலா தேவியைப் பற்றி நாம் பழகிப்போன இரண்டு கதைகளும், அதாவது தெய்வீக அற்புதம் என்ற கதையும் வெறும் மேடை வித்தை என்ற கதையும், போதாதவை என்பது விளங்கும்.

எண் இதுதான். ஏழு வரிகளையும் இடைவெளியின்றித் தொடர்ந்து வாசிக்க வேண்டும்:

916748676920039158098660927585
380162483106680144308622407126
516427934657040867096593279205
767480806790022783016354924852
380335745316935111903596577547
340075681688305620821016129132
845564805780158806771

இதன் 23ஆம் படிமூலம் 546372891. அதாவது 546372891 என்ற எண்ணை 23 முறை எழுதி அவற்றை ஒன்றோடொன்று பெருக்கினால் மேலே உள்ள எண் கிடைக்கும்.

முதலில் புறச்சான்றுகள். சகுந்தலா தேவியின் தந்தை சர்க்கஸ் கலைஞர். மகளுக்கு மூன்று வயதிருக்கும்போது சீட்டு வித்தை ஒன்றைக் கற்பிக்க முயன்ற அவர், குழந்தையின் எண் நினைவாற்றலைக் கண்டுகொண்டார். பின்னர் சர்க்கஸை விட்டு விலகி, மகளின் கணக்குத் திறனையே ஊர் ஊராக நிகழ்ச்சியாக நடத்தினார். ஆறு வயதில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் அவர் தம் திறனைக் காட்டியதாக வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. முறையான கல்வி அவருக்கு வாய்க்கவில்லை. 1944இல் தந்தையோடு லண்டன் சென்றார். 1950இல் ஐரோப்பிய நாடுகளில் நிகழ்ச்சிகள் நடத்தினார். குடும்பத்துக்குச் சோறு போட்ட தொழில் அவருடைய கணக்கு. அதனால் அது எப்போதும் மேடையின் மொழியிலேயே பேசப்பட்டது: இத்தனை இலக்கம், இத்தனை நொடி, இயந்திரத்தை வென்றார்.

மேடையின் மொழியில் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது. எண் நீளமாக நீளமாகக் கணக்கும் கடினமாகும் என்பதே அது. கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் அது பொருந்தும். படிமூலத்துக்குப் பொருந்தாது. இதைப் புரிந்துகொள்ளச் சிறிய கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

1988இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஆர்தர் ஜென்சன் சகுந்தலா தேவியின் திறனை ஆராய்ந்தார். அவர் கொடுத்த கணக்குகளுள் ஒன்று 6,16,29,875 என்ற எண்ணின் கனமூலம். ஜென்சன் கணக்கைத் தம் குறிப்பேட்டில் எழுதி முடிக்கும் முன்பே 395 என்ற விடை வந்தது. இந்த விடையை எட்ட ஒரு வழி இருக்கிறது. 300இன் கனம் 2.7 கோடி, 400இன் கனம் 6.4 கோடி. நம் எண் இரண்டுக்கும் இடையில், 400இன் பக்கமாக இருக்கிறது. ஆகவே மூலத்தின் முதல் இலக்கம் 3. எண் 5இல் முடிவதால் மூலமும் 5இல்தான் முடியும். இனி 385, 395 என்பவற்றுள் எது என்பதே கேள்வி. எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 44. அதை 9ஆல் வகுத்தால் மீதி 8. 395இன் இலக்கக் கூட்டல் 17, மீதி 8. 8இன் கனமாகிய 512ஐ 9ஆல் வகுத்தாலும் மீதி 8. 385க்கு இது பொருந்தாது. விடை 395.

எட்டு இலக்க எண் ஒன்று, முழுக் கனம் என்ற வாக்குறுதியோடு வரும்போது, அதில் மறைந்திருப்பது மூன்று இலக்கச் செய்தி மட்டுமே. அந்த வாக்குறுதி முக்கியமானது. மூலம் முழு எண்ணாகவே இருக்கும் என்று முன்பே தெரிந்தால், எண்ணின் பெரும்பகுதி நமக்குத் தேவையில்லாத உபரியாகிவிடுகிறது.

இப்போது 201 இலக்க எண்ணுக்கு வருவோம். 201 இலக்கங்கள் கொண்ட எண்களுள் 23ஆம் படிகளாக இருப்பவை எத்தனை? அவற்றின் மூலங்கள் ஏறத்தாழ 49.6 கோடிக்கும் 54.8 கோடிக்கும் இடையில்தான் அமைய முடியும். ஆகவே சாத்தியமான விடைகள் சுமார் 5.2 கோடி. 201 இலக்கங்களைக் கண்டு மலைக்கும் பார்வையாளருக்கு இந்த எல்லை தெரியாது, கணக்கிடுபவருக்குத் தெரியும்.

அடுத்த பண்பு இன்னும் வியப்பானது. ஓர் எண்ணை ஒரு விழுக்காடு மாற்றினால் அதன் 23ஆம் படிமூலம் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டின் 23இல் ஒரு பங்கே மாறும். ஆகவே எண்ணின் தொடக்கத்தைச் சற்றே அறிந்தாலும் மூலத்தின் தொடக்கத்தை மிக நுட்பமாக அறியலாம். நம் எண் 9இல் தொடங்குகிறது. அந்த ஒற்றை இலக்கமே மூலத்தை 54.59 கோடிக்கும் 54.85 கோடிக்கும் இடையில் கொண்டுவந்து நிறுத்துகிறது; மூலத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் 54 என்று முடிவாகிவிட்டது. முதல் மூன்று இலக்கங்களாகிய 916ஐ எடுத்துக்கொண்டால், மடக்கையின் துணையோடு மூலம் 54,63,53,000க்கும் 54,63,80,000க்கும் இடையில் இருப்பது தெரியும். அதாவது முதல் நான்கு இலக்கங்கள் 5463.

இனி எண்ணின் வால்பகுதி. 1, 3, 7, 9 ஆகியவற்றுள் ஒன்றில் முடியும் எந்த முழு எண்ணின் 100ஆம் படியும் 001 என்றே முடியும். 23ஐ 87ஆல் பெருக்கினால் 2001. ஆகவே நம் 201 இலக்க எண்ணை 87ஆம் படிக்கு உயர்த்தினால், அது மூலத்தின் 2001ஆம் படியாகும். அதன் கடைசி மூன்று இலக்கங்கள் மூலத்தின் கடைசி மூன்று இலக்கங்களாகவே இருக்கும். இதன் பொருள் எளிது: எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மூலத்தின் கடைசி மூன்று இலக்கங்களை ஐயமின்றித் தீர்மானிக்கின்றன. 771இல் முடியும் 23ஆம் படியின் மூலம் 891இல்தான் முடியும். இத்தகைய இணைகளை நினைவில் வைத்திருப்பவருக்குக் கணக்கே தேவையில்லை.

தலைப்பகுதியால் 5463, வால்பகுதியால் 891 என ஒன்பது இலக்கங்களுள் ஏழு கிடைத்துவிட்டன. மேலே கண்ட எல்லைக்குள் 891இல் முடியும் எண்கள் 27 மட்டுமே. இவற்றுள் ஒன்றைத் தேர இரண்டு பழைய சோதனைகள் போதும். 201 இலக்கங்களையும் கூட்டினால் 882 வரும். அது 3ஆல் வகுபடுகிறது. ஆகவே மூலமும் 3ஆல் வகுபட வேண்டும். ஒற்றைப்படை இடங்களின் கூட்டலிலிருந்து இரட்டைப்படை இடங்களின் கூட்டலைக் கழித்துப் பார்க்கும் 11ஆம் வகுத்தற் சோதனையை வலக்கோடியிலிருந்து செய்தால் எண்ணின் மீதி 3. 11ஐப் பொறுத்தவரை 23ஆம் படியும் 3ஆம் படியும் ஒரே மீதியைத் தரும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றத்தின் விளைவு. கனத்தின் மீதி 3 ஆக வேண்டுமென்றால் மூலத்தின் மீதி 9 ஆகவே இருக்க வேண்டும். 3ஆல் வகுபட்டு, 11ஆல் வகுத்தால் மீதி 9 தரும் எண், 27 எண்களுள் ஒன்றே ஒன்று: 546372891.

201 இலக்கங்களுள் நடுவிலிருந்த 195 இலக்கங்கள் இந்த வழியில் ஆற்றிய ஒரே பணி கூட்டல் சோதனைகளுக்கு உதவியதுதான். சகுந்தலா தேவி இதே வழியில் நடந்தார் என்பது என் வாதமன்று. இப்படி ஒரு வழி எண்ணின் அமைப்பிலேயே இருக்கிறது என்பதே வாதம். ஆயினும் 50 நொடிக்குள் இதைச் செய்ய மடக்கை அட்டவணையும், மீதிகளின் அட்டவணையும், 201 இலக்கங்களில் ஒரு பார்வை ஓட்டமும் மனத்துக்குள் ஒருங்கே இயங்க வேண்டும். தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு மேலே நான் விவரித்ததைச் செய்துபார்க்கும் மாணவர், அந்த 50 நொடியின் மதிப்பை முன்னைவிட நன்றாகவே உணர்வார்.

இதே கோணத்தில் பிற கணக்கீட்டாளர்களின் சாதனைகளையும் ஒப்பிடலாம். 1976 ஆகஸ்ட் 27 அன்று நெதர்லாந்தைச் சேர்ந்த விம் கிளைன், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் 500 இலக்க எண் ஒன்றின் 73ஆம் படிமூலத்தை 2 நிமிடம் 43 நொடிகளில் கண்டார். எண் இரண்டரை மடங்கு நீளம்; ஆனால் சாத்தியமான விடைகள் ஏறத்தாழ 2.2 லட்சம் மட்டுமே. 2007 டிசம்பரில் பிரான்ஸைச் சேர்ந்த அலெக்சிஸ் லெமேர் 200 இலக்க எண்ணின் 13ஆம் படிமூலத்தை 70.2 நொடிகளில் கண்டார். சகுந்தலா தேவியின் எண்ணைவிட ஓர் இலக்கம் குறைவு. சாத்தியமான விடைகளோ ஏறத்தாழ 393 லட்சம் கோடி. எண்ணின் நீளத்தை மட்டும் வைத்துச் சாதனைகளை வரிசைப்படுத்தினால் இந்த வரிசை முற்றிலும் தலைகீழாகிவிடும்.

அகச்சான்றில் இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. 546372891 என்ற மூலத்தை உற்றுப் பாருங்கள். 1 முதல் 9 வரையுள்ள ஒவ்வோர் இலக்கமும் அதில் ஒரே ஒரு முறை வருகிறது, சுழி இல்லை. சாத்தியமான 5.2 கோடி மூலங்களுள் இப்பண்பு உடையவை சுமார் 21,000 மட்டுமே. குருட்டாம்போக்கில் எடுத்த எண் இப்படி அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 2,500இல் ஒன்று. ஒன்பது இலக்கங்களையும் மாற்றி அடுக்கி மூலத்தை ஒரு மனிதர் அமைத்தார், பிறகு அதை 23ஆம் படிக்கு உயர்த்தினார் என்று கொள்வதே பொருத்தம். படிமூலக் கணக்கைத் தருபவர் விடையிலிருந்து தொடங்குவது இயல்பே. இதில் குறை எதுவும் இல்லை. கணக்கைத் தந்தவரின் கைரேகை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் எண்ணுக்குள் அழியாமல் இருக்கிறது என்பதுதான் வரலாற்று மாணவருக்குச் சுவையான செய்தி.

அந்தத் தேர்வுக்கு ஒரு பின்விளைவும் உண்டு. 1 முதல் 9 வரை கூட்டினால் 45. ஆகவே அத்தகைய எந்த எண்ணும் 9ஆல் வகுபட்டே தீரும். இந்த மூலம் ஒரு படி மேலே சென்று 27ஆலும் வகுபடுகிறது: 27ஐ 20236033ஆல் பெருக்கினால் 546372891. எனவே 201 இலக்க எண்ணின் காரணிகளுள் 3 என்ற பகா எண் 69 முறை வருகிறது. மேலோட்டமாகப் பார்க்கையில் ஒழுங்கே இல்லாததுபோல் தோன்றும் இலக்க வரிசைக்குள் இத்தனை ஒழுங்கு மறைந்திருக்கிறது.

இனி இரண்டாவது எண். 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கணினித் துறை தற்போக்கில் தேர்ந்தெடுத்த இரண்டு 13 இலக்க எண்கள் அவருக்குத் தரப்பட்டன: 7,686,369,774,870 மற்றும் 2,465,099,745,779. அவற்றின் பெருக்கற்பலனாகிய 18,947,668,177,995,426,462,773,730 என்ற 26 இலக்க எண்ணை அவர் 28 நொடிகளில் சொன்னார். 1982ஆம் ஆண்டின் கின்னஸ் நூலில் இது இடம்பெற்றது.

26 இலக்கம்தானே என்று கருதக்கூடாது. இங்கே வாக்குறுதி எதுவும் இல்லை, உபரியும் இல்லை. 26 இலக்கங்களையும் ஒவ்வொன்றாக உழைத்தே பெற வேண்டும். பள்ளிமுறைப்படி 169 ஒற்றை இலக்கப் பெருக்கல்கள். சுழிகளை விலக்கினாலும் 144. அவற்றைக் கூட்டிச் சேர்க்கும் வேலை தனி. 9, 11 ஆகியவற்றின் சோதனைகள் இங்கே விடையைச் சரிபார்க்கவே உதவும்; கண்டுபிடிக்க உதவா. சரிபார்ப்பில் விடை தேறுகிறது: முதல் எண்ணின் இலக்கக் கூட்டல் 78, இரண்டாவதன் கூட்டல் 74, விடையின் கூட்டல் 138; 9ஆல் வகுத்தால் மீதிகள் முறையே 6, 2, 3. ஆறிரண்டு பன்னிரண்டு, அதன் மீதியும் 3. இரண்டாவது எண் 11ஆல் மீதியின்றி வகுபடும். விடையும் அவ்வாறே வகுபடுகிறது.

கணக்கீட்டு மேதைகளின் வரலாற்றை எழுதிய ஸ்டீவன் ஸ்மித் போன்றோர் இந்த 28 நொடியைத்தான் ஐயுற்றனர். அதுவரை பதிவான வேகங்களை அது வெகுவாக விஞ்சியது என்பதே காரணம். அந்த ஐயம் தீர்ந்துவிட்டது என்றோ நிறுவப்பட்டுவிட்டது என்றோ நான் சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. மேடையில் பெரிதாகப் பேசப்பட்டது 201 இலக்க எண். அறிஞர்களுக்கு நம்ப அரிதாக இருந்தது 26 இலக்க எண். எண்ணின் அமைப்பை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் முரண்பாடு எதுவும் இல்லை. வாசிக்கத் தெரியாதபோதுதான் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, ஒன்று முழுவதும் நம்புகிறோம், அல்லது முழுவதும் மறுக்கிறோம்.

ஜென்சனின் ஆய்வு 1990இல் வெளியானது. எளிய எதிர்வினைச் சோதனைகளில் சகுந்தலா தேவியின் வேகம் தனித்துச் சொல்லும்படி இல்லை என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. அவரது மூளை எல்லாவற்றிலும் மின்னல் வேகத்தில் இயங்கும் பொறி அன்று. எண்களின் உலகில், பல்லாண்டுப் பழக்கத்தால் விளைந்த தனித்திறன் அது. மேலே நாம் கண்ட எண்ணமைப்பும் இதோடு ஒத்துப்போகிறது. 23ஆம் படிமூலம் வேகத்தைக் காட்டிலும் அறிவைக் கோரும் கணக்கு.

'மனிதக் கணினி' என்ற பட்டத்தை அவர் விரும்பவில்லை. அந்தப் பட்டத்தின் வரலாற்றையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல் முதலில் மனிதர்களின் பதவிப் பெயர். இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவீட்டில் அப்பதவி வகித்த ராதாநாத் சிக்தார்தான் 1852இல் எவரெஸ்ட் சிகரம் உலகிலேயே உயரமானது என்று கணக்கிட்டுக் கண்டவர். அவரை நாம் கணிதவாணர் என்கிறோம். முறையறிந்து கணக்கிட்டவர் என்று ஏற்கிறோம். நூறாண்டு கழித்து அதே சொல் இயந்திரத்தின் பெயராகி, பிறகு பெங்களூர்ப் பெண் ஒருவருக்குப் பட்டமாகத் திரும்பி வந்தபோது, அதிலிருந்து 'முறை' கழன்றுவிட்டது. பள்ளிக்குச் செல்லாத பெண்ணுக்கு வரம் இருக்கலாம், வித்தை இருக்கலாம். வழிமுறை இருக்கலாம் என்று மட்டும் நம் கதைகள் ஒப்பவில்லை. டாலஸ் நிகழ்வு நடந்த அதே 1977இல் அவர் 'ஃபிகரிங்' என்ற நூலை வெளியிட்டு, எண்களின் இயல்புகளையும் கணக்கீட்டு வழிகளையும் பொதுவாசகர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார் என்பதை அக்கதைகள் கண்டுகொள்வதில்லை.

சகுந்தலா தேவி 2013 ஏப்ரல் 21 அன்று பெங்களூரிலேயே காலமானார். இன்று அந்நகரின் எந்த மடிக்கணினியும் இந்த 23ஆம் படிமூலத்தை இமைப்பொழுதில் தந்துவிடும். ஆகவே 50க்கும் 62க்கும் இடையிலான பந்தயம் காலாவதியாகிவிட்டது; அந்த 12 நொடி வேறுபாட்டில் அவரது புகழைக் கட்டிவைத்தால் புகழும் காலாவதியாகிவிடும். எண்ணின் பண்புகள் காலாவதியாவதில்லை. மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: ஒன்பது இலக்க எண் ஒன்றை நண்பரிடம் தேரச் சொல்லுங்கள், அவர் அதைக் கணினியில் 23ஆம் படிக்கு உயர்த்தி விடையை மட்டும் உங்களிடம் தரட்டும். தலைப்பகுதி, வால்பகுதி, 9, 11 என்ற வரிசையில் மூலத்தைத் தேடுங்கள். சிலவற்றில் இன்னொரு சோதனையும் தேவைப்படும். 7ஆம் 13ஆம் அதற்கு உதவும். எத்தனை மணிநேரம் ஆனாலும் பரவாயில்லை. முடித்த பிறகு 50 நொடி என்ற செய்தியை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.